துண்டுக் கணக்கு

குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே
இலை வரைந்த அட்டை:
"துண்டைக் கம்பியில் போட்டால்
மறுபடி பயன்படுத்துவீர்கள் என்று பொருள்.
மிச்சமாகும் தண்ணீருக்கு
ஒரு மரம் நடுகிறோம்."

பதினொரு மணிக்கு ஹெத்வென் வருவாள்.
கம்பியில் கிடப்பதும் தரையில் கிடப்பதும்
ஒரே கூடைக்குத்தான் போகும்.
ஈர வாடை அடித்தால் நட்சத்திரம் குறையும் என்று
சேர்ந்த அன்றே மேலாளர் சொல்லிவிட்டார்.

நட்ட மரங்களையும் அவள் பார்த்திருக்கிறாள்.
மலைக்கு அந்தப் பக்கம்
சதுப்பைக் கீறி, நீரை வடித்து,
வரிசையாக ஸ்ப்ரூஸ்.
அடியில் ஒரு புல் கிடையாது.
வழிதவறி வந்த பறவையும்
முகவரி விசாரிப்பதுபோல் உட்கார்ந்துவிட்டுப் போகும்.

ஆற்றோர ஓக் காட்டை யாரும் நடவில்லை.
பாறைமேல் பாசி, பாசிமேல் பெரணி,
எல்லாவற்றின் மேலும் முதுகு கோணிய ஓக்.
அதன் தோளில் நுரையீரல் வடிவில் ஒரு லைக்கன்.
மழையில் பச்சை, வெயிலில் சாம்பல்.
காற்று கெட்டால்
சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்
பதினொரு ஓக்குகளின் இடுப்பில்
நீல நாடா கட்டியிருந்தது.
'வனக் குளியல் மேடை' வரப்போகிறதாம்.
வெட்டுவது பதினொன்று,
ஈடாக நடுவது ஆயிரத்து நூறு ஸ்ப்ரூஸ்.
கணக்கு சரிதான், நூறு மடங்கு.

அந்த வாரம் ஹெத்வென்
அட்டை சொன்னதை அப்படியே செய்தாள்.
கம்பியில் கிடந்ததைத் தொடவில்லை.
ஆறு குடிலிலும் நாய் நனைந்த வாடை.
மேலாளர் கேட்டதற்கு
அட்டையை எடுத்து நீட்டினாள்.
அவர் அதை முதல்முறையாகப் படிப்பதுபோல்
படித்தார்.

என் மொழியில்
கூசாமல் சொல்லும் பொய்க்குப்
பச்சைப் பொய் என்று பெயர்.
வெல்ஷில் என்னவென்று கேட்டேன்.
தெரியாது, இரண்டு வருஷமாக
அதைத்தான் மடித்து வைக்கிறேன் என்றாள்.

இனி இங்கே வேலை இல்லை அவளுக்கு.
வெள்ளிக்கிழமை ஊர்க்கூடத்தில் திட்டக்குழு கூடுகிறது.
துவைத்த துண்டுகளின் கணக்கைச்
சலவைச் சீட்டுகளோடு கொண்டுபோகிறாள்.
துண்டுக்கும் ஓக்குக்கும் என்ன சம்பந்தம் என்று
கேட்கத்தான் கேட்பார்கள்.

நான்காம் குடிலில் தங்கியவன் நான்.
"அருமையான இடம், துண்டில் மட்டும் வாடை"
என்று எழுதி
மூன்று நட்சத்திரம் போட்டவனும் நானே.
ஊர் திரும்பியதும் அதை அழிக்கப் போனேன்.
அதற்குள் பதில் வந்திருந்தது:
"உங்கள் கருத்துக்கு நன்றி.
உங்கள் பெயரில்
ஒரு மரம் நட்டிருக்கிறோம்."