கல் ஆறு

பழைய கட்டடத்தை இடிக்க உத்தரவு வந்துவிட்டது.
இடிக்குமுன் சுவரிலுள்ள கற்களைப் பட்டியலிட்டு
மூன்று படிகளில் அனுப்பச் சொல்கிறது மாவட்ட அலுவலகம்.
நான் இளநிலை உதவியாளன்.
ஈரத்துணியோடு நாற்காலிமேல் ஏறினேன்.

முதல் கல்லில் பாதி இங்கிலீஷ்.
மீதியில், 'கனம் வித்தியா மந்திரி ஸ்ரீமான்' வரைக்கும் படிக்கலாம்.
பெயர் இருந்த இடத்தில்
குளவி மண்வீடு கட்டியிருக்கிறது.
கனம் என்றுதான் அப்போது போடுவார்கள்.
எடை இருந்ததா தெரியவில்லை:
பள்ளிக்கூடம் இவரிடம், கஜானா வெள்ளைக்காரனிடம்
என்று பிரித்துக்கொடுத்த காலம்.
செங்கல் வாங்கவும் இன்னொருவன் கையெழுத்து.

இரண்டாம் கல்லில் ஸ்ரீமான் போய்விட்டார், திரு வந்திருக்கிறார்.
கல்வி, சட்டம், சிறை
மூன்றும் ஒரே கையில்.
எங்கள் ஆறாம் வகுப்பு ஜன்னல் கம்பிகள்
அந்த ஆண்டு போட்டவை.

மூன்றில் மந்திரி அமைச்சரானார்.
அக்கிராசனர் தலைவரானார்.
கனம் இறங்கி மாண்புமிகு ஏறிக்கொண்டது.

நான்கு, ஐந்துக்குள் பாகப்பிரிவினை முடிந்துவிட்டது.
கல்லூரிகள் ஒருவருக்கு, பள்ளிகள் ஒருவருக்கு.
எங்களுக்கு வந்தது கடைமடை.

கல்லில் இல்லாதது கோப்பில் இருக்கிறது.
பொருள்: கன்னிவாய்க்காலில் நடைபாலம் வேண்டுதல்.
கீழ்க்கரைப் பிள்ளைகள்
ஒற்றைத் தென்னைமரத்தின்மேல் நடந்து
படிக்க வருகிறார்கள் என்று
எல்லா அமைச்சருக்கும் ஒரே மனு.
விளிப்பு மட்டும் மாறியிருக்கிறது.
ஓரத்தில் பச்சை மையில் 'ஆவன செய்க'.
அடுத்த தாளில் 'பரிசீலனையில் உள்ளது'.
அதற்கடுத்ததில் 'இது பொதுப்பணித் துறை சார்ந்தது'.
ஆவன என்பது எதுவென்று
எந்தக் கையெழுத்தும் சொல்லவில்லை.

நடுவில் ஒரு ஜூலை மாதத்துச் சுற்றறிக்கை.
கீற்றுக் கொட்டகைகளை உடனே அகற்றுக.
அதற்கு மட்டும்
மறுநாளே 'அகற்றப்பட்டது' என்று பதில் போயிருக்கிறது.
கும்பகோணம் இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.
தையல்நாயகி டீச்சர் ஆள் வரும்வரை காத்திருக்கவில்லையாம்.
புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு
ஏணியில் ஏறித் தானே பிய்த்துப் போட்டாராம்.
ஒன்றாம் வகுப்பு புங்கமரத்தடியில் உட்கார்ந்து
சத்தமில்லாமல் 'அ' எழுதியதாம்.
அந்தத் தாளை நான் இரண்டு முறை படிக்கவில்லை.

கணக்கு இடித்தது பிறகுதான்.
செதுக்கிய கூலி, எண்ணூற்றைம்பது, பெற்றுக்கொண்டேன் என்று
ஆறாவதாக ஒரு ரசீது.
சுவரில் ஐந்துதான்.

காவலாளி பக்கிரிசாமியைக் கேட்டேன்.
"வியாழக்கிழமை விழா சார்.
புதன் ராத்திரி ரேடியோவுல இலாகா மாறிடுச்சு.
விடிஞ்சா கல்லு இருக்கு, அமைச்சர் இல்ல.
புதுசா வந்தவரு தேதி குடுக்கவே இல்ல.
கேசரியப் புள்ளைங்களுக்குக் குடுத்துட்டு
பந்தலப் பிரிச்சோம்."

கல்?

கூட்டிப்போய்க் காட்டினார்.
தென்னைமரம் கரையில் முட்டும் இடம்,
மழை பெய்தால் பிள்ளைகள் விழுகிற இடம்.
சேற்றில் பதிந்து கிடந்தது, எழுத்து மேலே பார்க்க.
"கவுத்துத்தான் போட்டேன், மரியாதைக்கு.
வழுக்குச்சு.
எழுத்துப் பக்கம் திருப்புனேன், கால் புடிச்சுக்கிச்சு."

குனிந்து துடைத்தேன்.
மாண்புமிகு தேய்ந்திருந்தது.
கல்வி இன்னும் ஆழமாக இருந்தது, உள்ளே களிமண்.
பெயரைக் கண்டுபிடிக்கப் பார்க்கும்போதே
முதல் மணி அடித்தது.
மரத்தின் மேல் மூன்று பேர்,
பையைத் தலையில் வைத்துக்கொண்டு,
"சார், நவுருங்க."

நகர்ந்தேன்.

பட்டியலில் கடைசிக் கட்டம், 'தற்போதைய நிலை'.
ஐந்துக்கும் 'இடிப்பில் அகற்றப்படும்' என்று எழுதினேன்.
ஆறுக்கு நேராக
கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு
பயன்பாட்டில் உள்ளது
என்று எழுதி
மூன்று படிகளிலும் கையெழுத்துப் போட்டேன்.