மீதி

ஆறு மணிக்கு எல்லாம் அடைப்பு என்று
போலீஸ் ஜீப் சொல்லிக்கொண்டே போனது.
பாபநாசம் வண்டிக்கு அதுதான் கடைசி நடை.
படியில் தொங்கியவர்களையும் சேர்த்தால்
நூற்றுப் பத்துக்குக் குறையாது.

எச்சில் தொட்டு எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்தேன்,
அன்று வரைக்கும் அது குற்றமில்லை.
சில்லறை கொடுக்க முடியாதவர்களுக்கு
டிக்கெட் முதுகில் எழுதினேன்:
பதினொன்று. நாலு. இருபத்து மூணு. பத்தொன்பது. ஏழு.
இறங்கும்போது வாங்கிக்கிடுங்க.

யாரும் மீதிக்கு நிற்கவில்லை.
சேர்மாதேவியில் இறங்கி ஓடினார்கள்.
வீரவநல்லூரில் ஓடினார்கள்.
கல்லிடைக்குறிச்சியில் ஓர் அண்ணாச்சி
அரிசிச் சிப்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டே ஓடினார்.

ராத்திரி கணக்கு முடித்தால்
அறுபத்து நாலு ரூபாய் கூடுதல்.
முதலாளியுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை.
கைக்குட்டையில் முடிந்து வைத்தேன்.
சித்திரை பிறந்த நாலாம் நாள்
அந்த முடிச்சை அவிழ்த்து முட்டை வாங்கினோம்.

'முப்பிடாதி' ரைஸ்மில் முற்றத்தில் நின்றாள்.
டிரைவர் பிரமநாயகம் நாலு நாளைக்கு ஒருதடவை போய்
ஸ்டார்ட் பண்ணி அணைத்துவிட்டு வருவார்.
ஒருதடவை ஹாரன் அடிக்கவில்லை,
குழாய்க்குள் குளவி வீடு கட்டியிருந்தது.

நான் லோடு ஆட்டோவில் காய்கறி விற்றேன்.
சின்ன வெங்காயம் என்று கூவப்போய்
பேட்டை, சுத்தமல்லி, சேர்மாதேவி என்று வந்தது வாயில்.
ஜன்னல் திறந்து ஒரு பெண் சிரித்தாள்.
அன்றைக்கு எல்லாம் விற்றுவிட்டது.

பிறகு, பாதிப் பாதியாய்த் திறந்தார்கள்.
சீட்டுக்கு ஒரு பெருக்கல் குறி,
வெள்ளைப் பெயிண்டில் நானே போட்டேன்.
காயும் முன்னே ஒருவர் உட்கார்ந்து
வேட்டியில் குறியோடு அம்பையில் இறங்கினார்.
புருசன் பெண்டாட்டியைப் பிரித்து உட்காரவைத்தேன்,
மூணு பஞ்சாயத்தில் முடியாத காரியம் என்றாள் அந்தம்மா.

எல்லாம் பழகிற்று, விசிலைத் தவிர.
வாயை மூடியவன் எதைக்கொண்டு ஊத?
ஐந்து ரூபாய் நாணயத்தால் கம்பியில் தட்டினேன்.
ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ.
பிரமநாயகத்துக்கு ஒரு வாரம் பிடித்தது.
அது பிடிபட்டபோது
மறுபடி வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

ஆவணியில் திரும்ப ஓடினோம்.

இருபத்து மூணு ரூபாய் முதல் நாளே வந்தது,
வணக்கம்கூடச் சொல்லாமல் கை நீட்டியது.
பத்தொன்பது, "இருக்கட்டும், நீரும்தானே
சும்மா கெடந்தீரு" என்றது.
நாலு வரவில்லை, நாலுக்கு யார் வருவார்?

வீரவநல்லூரில் ஏறிய பெண்
செல்போன் உறையைக் கழற்றி
நாலாய் மடித்த டிக்கெட்டை எடுத்தாள்.
மை வெளுத்து ஊதா ஆகியிருந்தது.
முகம் தெரியவில்லை,
கண்ணை வைத்து ஆளைச் சொல்ல நான் இன்னும் படிக்கவில்லை.
அந்தப் பதினொன்று மட்டும் தெரிந்தது:
என் ஒன்றுகள், குலுங்கும் வண்டியில் போட்டவை,
ஒன்று மற்றொன்றின்மேல் சாய்ந்து நின்றன.

"தருவீயளா மாட்டீயளான்னு நெனச்சேன்."
"தாரேன்மா, எங்க போயிரப்போறேன்."
சொன்ன பிறகுதான் உறைத்தது,
எங்கேயாவது போயிருக்கலாம், அவளும் நானும்.
காசை உள்ளங்கையில் போட்டேன்.
கை படாமல் போட இந்நேரம் பழகியிருந்தது.
அவள் அதன்மேல் இரண்டு சொட்டு மருந்து விட்டு
வழித்துப் பையில் போட்டாள்.

ஏழு ரூபாய் இன்னும் நிற்கிறது.
அந்த ஆளின் முகம் அன்றும் நான் பார்க்கவில்லை,
தலைகளுக்கு மேலே நீண்டு வந்த கை மட்டும்.
வாட்ச்சின் முகத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டியிருந்தது.

இப்போது முகக்கவசம் தாடைக்கு இறங்கிவிட்டது.
குறிகள் மேல் ஆள் உட்கார்ந்து தேய்த்துவிட்டார்கள்.
விசிலும் வந்தாயிற்று.
ஆனாலும் டிக்கெட் கொடுக்கும்போது
மணிக்கட்டைத்தான் பார்க்கிறேன்.
நேற்று ஒருவர் கோபப்பட்டார்:
"என்னய்யா, கை ரேகையா பாக்கீரு?"