இன்னொரு கால்

அக்டோபரிலிருந்து என் வண்டி
இடது பக்கமே இழுக்கிறது,
பக்கத்து வயலைப் பார்த்துவிட்ட மாடு மாதிரி.
எழுபத்து நான்காம் வருடத்து ஷெவி பிக்கப்.
நிறம் நீலம் என்கிறது பதிவுத்தாள்,
துரு வேறு சொல்கிறது.

பின்னால் இருபது கட்டு வைக்கோல்.
ஹோல்மன் இறக்கத்தில் கால் வைத்தேன்.
பஞ்சு மூட்டைக்குள் போவதுபோல் போனது பெடல்.
இரண்டாம் மிதியில் கொஞ்சம் பிடித்தது.
மூன்றாம் மிதிக்கு முன்
புனித கெர்த்ரூதுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.
இன்னும் ஏற்றவில்லை.

மோராவுக்கு வந்து நிறுத்தி
ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டேன்.
மூன்றில் வெறும் வெதுவெதுப்பு.
இடது முன் சக்கரத்தில்
எச்சில் தொட்டு வைத்தேன்,
சீறியது.

காலிப்பர்தான் என்று மாற்றினேன்.
அறுபது டாலர்.
பத்து மைல் ஓட்டினேன், மறுபடி கருகல் வாசனை.
சந்தேகம் வந்தால் கடைக்குப் போகாதே,
கீழே படு:
இப்படி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை,
அறுபது டாலர் சொன்னது.

படுத்தேன்.
ரப்பர் ஹோஸுக்கு மேலே, இரும்புக் குழாயின் இணைப்பைத் தளர்த்தினேன்.
சக்கரம் அசையவில்லை.
கீழே, காலிப்பரின் காற்றுத் திருகைத் தளர்த்தினேன்.
ஒரு பெருமூச்சு, நாலு சொட்டு ஆயில்,
சக்கரம் தானாகச் சுற்றியது.
ஆக, குற்றவாளி நடுவில்.

வெளியே ஒரு கீறல்கூட இல்லாத ஹோஸ்.
கத்தியால் நீளவாக்கில் பிளந்தேன்.
உள்ளே வீங்கி, ஒரு முடி நுழையும் அளவுக்கு வழி.
காலின் பலம் ஆயிலை உள்ளே தள்ளிவிடும்.
திரும்பி வர
அதைத் தள்ள யாரும் இல்லை.

புது ஹோஸ் பன்னிரண்டு டாலர்.
மாட்டியாயிற்று.
குழாய்க்குள் இப்போது முழுக்கக் காற்று.
காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும்,
திருகில் ஒரு கை, பெடலில் ஒரு கால்.
எனக்குக் கை இருந்தது.

நாலு மைல் சுற்றில்
விளக்கு எரியும் வீடு ஒன்றுதான், ஒனேசிமோவுடையது.
ஜூன் மாதம் என் தண்ணீர் முறை முடிய
இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்க
மடையைத் திருப்பிக்கொண்ட ஒனேசிமோ.
என் பீன்ஸ் பாதி காய்ந்தது.
அன்றிலிருந்து கோவிலில்கூட
நடுவில் மூன்று பெஞ்சு விட்டு உட்காருவோம்.

போய்க் கதவைத் தட்டினேன்.
"ஒரு கால் வேணும்" என்றேன்.
எந்தக் கால் என்று கேட்காமல்
பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார்.

தூரத்துச் சக்கரம் முதலில்: வலது பின்.
குப்பியில் பழைய ஆயில், அதற்குள் குழாயின் நுனி.
"மிதி."
"மிதிச்சேன்."
"மிதி."
"மிதிச்சேன்."
"பிடிச்சுக்கோ."
திருகைத் திறந்தேன். குமிழிகள்,
பிறகு கஷாய நிறத்தில் ஒரு கீற்று.
அவர் கால் தரைவரை இறங்கும் சத்தம்.

இங்கேதான் விஷயம்.
நான் மூடும்வரை அந்தக் கால் எழக் கூடாது.
எழுந்தால் வெளியேறின காற்றெல்லாம்
வீடு திரும்பும்.
சக்கரத்தடியில் கிடக்கும் எனக்கு
அவர் முகம் தெரியாது.
திருகு வேறு துருவேறியது, மூட நேரமெடுத்தது.

கால் எழவில்லை.

நாலு சக்கரத்துக்கும் ஒரு மணி நேரம்.
இடையில் எழுந்து எழுந்து
மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் ஊற்றினேன்.
அது வற்றினால் ஆரம்பத்திலிருந்து.
நாங்கள் பேசினது மொத்தம் நாலு சொல்,
அதையே நூறு தடவை.
கடைசி முறை அவர் "மிதிச்சேன்" என்றபோது
குரல் மாறியிருந்தது:
"கசில்டா, கல்லு மாதிரி இருக்கு."

ஜூனைப் பற்றி அவர் வாய் திறப்பார் என்று
கையைத் துணியில் துடைத்துத் துடைத்து நின்றேன்.
பிளந்த ஹோஸை எடுத்து
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.
"வெளியே நல்லாத்தானே இருக்கு" என்றார்.
போய்விட்டார்.

கைப்பிரேக் கேபிள் போன வருடமே அறுந்தது.
பின் சக்கரத்துக்கு
வழக்கமான கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுப்
படுக்கப் போனேன்.