சுவைக் குறிப்பேடு

பியரைத் துப்பக் கூடாது.
தேயிலைக்காரர்கள் துப்பலாம், ஒயின்காரர்கள் துப்பலாம்.
எங்கள் கசப்பு அடிநாக்கைத் தாண்டி
தொண்டை இறக்கத்தில்தான் தன் பெயரைச் சொல்லும்.
விழுங்கினால்தான் தெரியும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்,
இந்திராநகர் நூறடிச் சாலையில், மூன்றாம் மாடியில்,
ஐந்து எஃகுக் கலன்களின் நடுவே.

ஏப்ரல் 19. கோதுமை. கனிந்த வாழைப்பழ வாசம், கிராம்பு மட்டு.
ஏப்ரல் 23. கேழ்வரகு. அடியில் மண்டி. இன்னும் இரண்டு நாள் விடலாம்.
மே 6. பாதாமி மாம்பழம். நன்று. மூன்று முறை சுவைத்தேன்.
மே 14. கறுப்பு. காப்பி வாசம். ஏனோ குமட்டுகிறது.
மால்ட் பழசா? பார்க்கவும்.

மால்ட் பழசில்லை.

ஜூன் 2. கேழ்வரகு. இந்த முறை சரி. ஊற்றலாம்.

ஒன்பதாம் வாரம் தெரிந்தது.
அன்றே விட்டேன், வேலையையும் சேர்த்து.
அதற்குள் முகம் எழுதி முடிந்திருந்தது.

பரிதிக்கு இப்போது ஏழு வயது.
ஐந்து வயதுச் சட்டையில் இன்னும் தோள் நிறையவில்லை.
வளர்ச்சி அட்டையின் வளைகோடுகள்
ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் போகின்றன.
அவன் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் கீழே
தனியாக, தரையோடு தரையாக நடந்து வருகின்றன.
மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே
எல்லோருக்கும் இருக்கும் சின்ன வாய்க்கால்
அவனுக்கு இல்லை.
பால் குடித்தால் மீசை ஒரே நேர்கோடாக நிற்கும்.
அழகு என்றுதான் நினைத்திருந்தேன்.
இப்போதும் அழகுதான்.

ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்று திங்களன்று தெரியும்.
செவ்வாயன்று ஏழு யாரென்றே தெரியாது.
அடித்த பையனிடமே டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டுவான்.
லிஃப்டில் ஏறிய யாரோடும் இறங்கிப் போய்விடுவான்.
ஒருமுறை நான்காம் மாடியில், முன்பின் தெரியாத வீட்டில்,
சோபாவில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.
கவனமில்லை என்றது பள்ளி.
செல்லம் என்றது பக்கத்து வீடு.

நான்கு மருத்துவமனை, நான்கு படிவம்.
கர்ப்ப காலத்தில் மது?
நான்கிலும் 'இல்லை' போட்டேன்.
கை நடுங்கவில்லை.
குடிப்பது வேறு, சுவைப்பது வேறு
என்று எனக்கொரு அகராதி இருந்தது.
குடி என்றால் சித்தப்பா.
குடி என்றால் சாக்கடையோரம் அவிழ்ந்து கிடக்கும் வேட்டி.
நானோ ஏப்ரனும் ஹைட்ரோமீட்டருமாக நின்றவள்,
உணவுத் தொழில்நுட்பத்தில் முதல் வகுப்பு.

ஐந்தாவது, ஓசூர் சாலையில்.
டாக்டர் ஷைலஜா படிவத்தைப் பார்க்கவில்லை.
பரிதியின் தலையைச் சுற்றி டேப்பை இழுத்தார்,
உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்,
காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்கிற குரலில்
என்னைக் கேட்டார்:
எஷ்டு?
உண்டா இல்லையா என்றல்ல.
எவ்வளவு.

பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.
ஏழு வருடமாக அலமாரியில், பட்டுப் புடவைக்கு அடியில் இருந்தது.
எதற்குக் கொண்டு வந்தேன் என்று
அந்த நொடி வரை எனக்கே தெரியாது.
அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.
மே 14-இல் சற்று நின்றார்.
தேதிகளைத் தன் தாளில் எழுதிக்கொண்டார்.
என் கையெழுத்து அவருடையதைவிட அழகு.

திட்டுவார் என்று உடம்பை இறுக்கி வைத்திருந்தேன்.
திட்டவில்லை.
இறுக்கத்தை எங்கே கொண்டு போய் வைப்பது?

மருந்து கிடையாது என்றார்.
ஒரு நேரத்தில் ஒரு சொல்.
செருப்பைப் போடு. போட்டானா? பிறகு, பையை எடு.
சுவரில் படம் ஒட்டுங்கள்.
நாளைக்கும் அதே வரிசை. நாளன்றைக்கும்.
மறந்தால் அடம் என்று எண்ணாதீர்கள்,
அந்த இடத்தில் பிடிமானம் இல்லை, அவ்வளவுதான்.

அதற்குள் பரிதி மேசையிலிருந்த டேப்பை எடுத்து
நாற்காலியில் ஏறி
என் தலையைச் சுற்றிக் கட்டினான்.
நெற்றியில் இறுக்கி, முனையைக் கூர்ந்து பார்த்து,
அறை முழுக்கக் கேட்கச் சொன்னான்:
அம்மா, ஏழு!

தப்புதான்.
ஆனால் இன்று செவ்வாய்க்கிழமை.