ஆறு இஞ்ச் அங்கிட்டு

முதலில் செய்த தப்பு,
விதிகளைப் படித்துக் காட்டியது.
நாற்பது நிமிடம்.
மைதீன் நாற்காலியை ஃபேனுக்கு நேர்கீழே நகர்த்திக்கொண்டான்.
ஒச்சப்பன் போனில் வெங்காய விலை பார்த்தான்.
பேச்சிராணி மட்டும்
"அப்ப குதிரைக்கு எத்தனை?" என்று
ஒரே ஒரு கேள்வி கேட்டாள்,
அதுவும் என் மனசு நோகாமலிருக்க.

எல்லீஸ் நகர், மூன்றாம் மாடி, ஞாயிற்றுக்கிழமை.
சாப்பாட்டு மேசைமேல் பச்சைப் போர்வை.
பல் வார்க்கும் வேலையில் மிச்சமான மாவில்
மூன்று குன்று.
ஒன்று, நான் வேண்டுமென்று செய்யவில்லை,
ஒத்தக்கடை பஸ்ஸிலிருந்து தெரிகிற
யானைமலையாகவே படுத்துவிட்டது.
இரண்டு வருடமாக
இரவு பதினொன்றுக்குமேல்
நாலே மயிர் கொண்ட தூரிகையால்
நான் நிறம் கொடுத்த அறுபத்திரண்டு பேர்
கட்டைவிரல் முதல் கணு உயரத்தில் நின்றார்கள்.
இதுவரை ஒரு சண்டைகூடப் போட்டதில்லை.
போடுவதற்கு எதிரில் ஆள் வேண்டும்.

"பொம்மையா?" என்று கேட்டிருந்தான் ஒச்சப்பன்,
உசிலம்பட்டி வெயிலோடு உள்ளே வந்ததும்.
வேறு என்னவோ சொல்ல வாயெடுத்து
"ஆமா, பொம்மைதான்" என்றிருந்தேன்.

புத்தகத்தை மூடினேன்.
டெய்லர் டேப்பை அவன் கையில் கொடுத்து
"இவன் உன் ஆளு. ஆறு இஞ்ச் நடப்பான்.
எங்கிட்டு வேணும்னாலும் நடத்து" என்றேன்.
"அங்கிட்டு" என்றான், யானைமலையைக் காட்டி.
ஏன்?
"நெழல் இருக்குல்ல."

போர்த்தந்திரத்தில் அப்படி ஒன்று கிடையாது.
ஆனால் மூன்று சுற்றுவரை
மைதீனின் வில்லாளிகளுக்கு அவன் சிக்கவே இல்லை.
தெரிகிறானா இல்லையா என்று தகராறு.
மோதிய வண்டிகளை அளந்து
இன்சூரன்சுக்கு எழுதிக்கொடுக்கிற பேச்சிராணி
முட்டிபோட்டு
தாடையை மேசை விளிம்பில் வைத்து
ஒரு கண்ணை மூடினாள்.
அவ்வளவு தாழ்விலிருந்து
இந்த வீட்டை யாரும் பார்த்ததில்லை:
கோபுரமாக ஒரு எவர்சில்வர் டம்ளர்,
முடிவே இல்லாத ஜன்னல்,
ஒரு சிப்பாயின் இடுப்புக் கயிறு.
"ஏய், முடிச்சுகூடப் போட்டுருக்கியாடா இதுல!"
பிறகுதான் தீர்ப்பு:
"தெரியுது. தொப்பி மட்டும்."

"தொப்பி தெரிஞ்சா ஆளு தெரிஞ்ச மாதிரிதான்." மைதீன்.
"அவன் தொப்பியக் கழட்டிருவான்." ஒச்சப்பன்.

தாயக்கட்டையை உருட்டுவதுபோல
பகடையை உள்ளங்கையில் ஊதி உருட்டினான்.
ஒன்று விழுந்தது.
ஆளை எடுக்க மாட்டேன் என்றான்.
காயம்தான், பெரியாஸ்பத்திரியில சேத்தாச்சு என்று
டம்ளருக்குப் பக்கத்தில் மல்லாக்கப் படுக்கவைத்தான்.
ஆட்டம் முடியும்வரை
அங்கேயும் ஒரு கண் வைத்திருந்தான்.

யார் ஜெயித்தது என்று இன்னும் முடிவாகவில்லை.
பரோட்டாக் கடையில் சால்னா வருவதற்குள்
இலைமேல் விரலால் அளந்து
இரண்டு இஞ்சுக்காக மூவரும் கத்தினார்கள்.
கல்லாவில் இருந்தவர்
"எடத் தகராறா தம்பி?" என்றார்.
"ஆமாண்ணே, யானைமல அடிவாரத்துல" என்றான் மைதீன்.
நான் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்,
தின்ன மறந்து.

நிறம் பூசாத ஒருவனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
ஊருக்குப் போனான் ஒச்சப்பன்.
இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தான்.
பைக் கீறல் மறைக்கிற சிவப்பு,
அக்கா மகளின் நகப்பாலிஷ்.
ஒரு கண் தேனியைப் பார்த்தது,
இன்னொன்று திருமங்கலத்தை.
காலடித் தகட்டின் கீழே
பால்பாயிண்ட் பேனாவில் பேர்: வீரணன்.
என் விரல் தூரிகைக்கு அரித்தது. அடக்கிக்கொண்டு
முன்வரிசையில் நடுவில் நிறுத்தினேன்.

முதல் சுற்றிலேயே செத்தான்.
ஒச்சப்பன் ஒன்றும் பேசவில்லை.
டேப்பை எடுத்து
பேச்சிராணியிடம் நீட்டினான்.
அவள் ஏற்கெனவே
முட்டிபோட்டிருந்தாள்.