சூலம் மேற்கு

ஞாயிறு. தாளைக் கிழித்தேன்.
சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம்.
இராகு காலம் நாலரை முதல் ஆறு.
அடியில் பொடி எழுத்தில் ஒரு பொன்மொழி.
கீழே பெயர் போட்டிருக்கும் மனிதர்
அப்படி எதுவும் சொன்னதில்லை என்று
போன வருடக் காலண்டரிடமும் சொல்லிப் பார்த்தேன்.

சிங்கசந்திராவிலிருந்து பேகூர் மேற்கே.
செருப்பை மாட்டும் முன் ஒரு துண்டு வெல்லம்
வாயில் போட்டுக்கொண்டேன்.
நம்பிக்கை என்றில்லை.
டப்பா கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது.

பரிசோதனைக் கூடத்தில் வேலை எனக்கு.
ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் பெயரைத்
திரையில் அடிப்பது.
வெறும் வயிற்றோடு வருவார்கள், கோபமாகச் சொல்வார்கள்,
இரண்டு எழுத்தை விழுங்கிவிடுவார்கள்.
அப்புறம் நான் அடித்ததுதான் அவர்கள் பெயர்.

சேர்ந்த அன்று என் பெயரையும்
அந்தக் கட்டம் ஒன்பது ஆங்கில எழுத்தோடு நிறுத்தியது.
மங்கையர்க்கரசி, மங்கையர் ஆனேன்.
அட்டை அச்சடித்தவன் நடுவில் ஓர் இடம் விட்டான்.
பதினோரு வருடமாக
மங்கையா ஆர்.
'ஆர்னா, அப்பாவா?'
ராஜரத்தினம் என்று ஒருத்தியிடம்,
ராயக்கோட்டை என்று இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறேன்.
அப்பா பெயர் திருமேனி.
அரசி போன கதை யாருக்கும் தெரியாது.

புதன்கிழமை, சாப்பாட்டு நேரம்.
ஊரே அவரைக்காய் உரிக்கிற மாதம்.
ஷைலஜா டப்பாவைத் திறந்ததும்
அறை முழுக்க அந்த வாசனை.
வழிதவறிய ராஜா, காடு, இருட்டு,
குடிசையில் ஒருத்தி கொடுத்த வெந்த காளு.
பெந்தகாளூரு, அதுதான் பெங்களூரு, என்றாள்.
சொல்லிக்கொண்டே என் தட்டில் ஒரு கரண்டி வைத்தாள்.
அதை மென்றுகொண்டு
இல்லை என்று எப்படிச் சொல்வது?
அந்த ராஜா பிறப்பதற்கு
இருநூறு வருடத்துக்கும் மேலே
பேகூரில் ஒரு கல்லில் ஊர்ப்பெயர் ஏறிவிட்டது
என்று எப்படி?

இதில் எனக்குப் பழக்கம் உண்டு.
ஏழாம் வகுப்பில் தஞ்சாவூர் கூட்டிப்போனார்கள்.
கோபுர நிழல் தரையில் விழாது என்றார் வழிகாட்டி.
வெயில் பொறுக்காமல் நாங்கள் நாற்பது பேரும்
அந்த நிழலில் உட்கார்ந்துதான் கேட்டோம்.
வீட்டுக்கு வந்து
விழாதாம் என்றேன்.
புளிசாதத் தூக்கில் மட்டும்
நிழலின் குளிர்ச்சி கொஞ்சம் மிச்சமிருந்தது.

பூஜ்ய ரூபாய் டிக்கெட்டை மடித்துக்கொண்டே இறங்கினேன்.
கோயிலில் ஒரு புது பைக்குக்கு மாலை போட்டிருந்தார்கள்,
சக்கரத்தடியில் நாலு எலுமிச்சை.
இல்லை, இரண்டு. பைக்குக்கு இரண்டுதான்.
கல்லில் பழங்கன்னடம்.
எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை.
படித்தவர்கள் படித்துச் சொன்னது இவ்வளவு:
பெங்களூர்ச் சண்டையில்
நாகத்தரனின் மகன் செத்தான்,
அவன் வீட்டு வேலையாளும் செத்தான்.
வேலையாளுக்கும் பெயர் வெட்டியிருக்கிறார்கள்.
அதைச் சொல்லி வெட்டச் செய்தவர்
எழுத்தை விழுங்காமல் சொன்னாரா?
உளி பிடித்தவன் திரும்ப ஒருமுறை கேட்டானா?

ஷைலஜாவின் கதையில் ஒருவன் வயிறு நிறைந்து தூங்குகிறான்.
இங்கே இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை.
படம் எடுத்து அவளுக்கு அனுப்பப் போனேன்.
அனுப்பவில்லை.
திரும்பும் வழியில் அரைக்கிலோ அவரைக்காய் வாங்கினேன்.
தோலைப் போட
காலையில் கிழித்த தாள் உதவியது.
பொன்மொழியின்மேல் ஒரு புழு
நிதானமாக ஊர்ந்து
சொன்னவர் பெயரைத் தாண்டிப் போனது.

திங்கள். இராகு காலம் ஏழரை முதல் ஒன்பது.
ஏழு மணிக்கே வாசலில் கூட்டம்,
ஏழரைக்குள் ஊசி குத்திக்கொள்ள வேண்டுமாம்.
முதல் ஆளிடம் பெயர் கேட்டேன்.
இன்னொரு முறை கேட்டேன்.
'சித்தலிங்கேஸ்வரா' என்றார், பசியை அடக்கி, முழுசாக.
கட்டம் சித்தலிங் என்று நின்றுவிட்டது.
பின்னால் யாரோ மணி ஏழு இருபத்தைந்து என்றார்கள்.
மிச்சப் பெயரைப் பேனாவால்
ரத்தக் குழாயின் மேல் எழுதினேன்.