துரைக்கு ஒரு வெயில்

பேக்கரியை மூடியபோது
பணிஸ் அடுக்கிய கண்ணாடி அலமாரியை
நாலாயிரத்துக்குக் கேட்டேன்.
"பணிஸ் போடவா அண்ணே?" என்றான் நிசாம்தீன்.
"ஓணான் போட."
இருநூறைத் திருப்பித் தந்தான்,
பைத்தியத்திடம் முழுக்காசு வாங்கினால் பாவமாம்.

தலவாக்கலையிலிருந்து லயம் வரை
ஓட்டோவின் பின்னால் கட்டி வந்தேன்.
வளைவுக்கு வளைவு
ஒவ்வொரு மலையாக
கண்ணாடிக்குள் வந்து குடியிருந்து காலிசெய்தது.

பாலைவனத்துப் பிராணி.
பொரித்தது கண்டியில் ஒருவர் வீட்டில்தான்,
ஆனாலும் உடம்புக்குப் பாலைவனம்தான் ஞாபகம்.
ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி வேண்டும்,
நடந்து நடந்து தனக்கானதைத் தானே தேர்ந்துகொள்ளும்.
குளிர்ந்த பக்கத்துக்கு நான் ஒன்றும் செய்யவில்லை.
மேல் கொத்மலை நீர்த்தேக்கம் தொடங்கி
கிரேட் வெஸ்டர்ன் உச்சி வரை
எல்லாமே குளிர்ந்த பக்கம்தான்.

சூடு என் தொழில்.
பத்தொன்பது வருடம் பெக்டரியில்
ட்ரையர் வாயில் நிற்கிறேன்.
தூளை உள்ளங்கையில் அள்ளி டிகிரி சொல்வேன்,
டீமேக்கர் தேர்மோமீட்டரைப் பார்த்துவிட்டுப்
பேசாமல் போவார்.
அந்தக் கையை, கூசிக்கொண்டே,
பல்புக்குக் கீழே கறுப்பு ஓட்டின் மேல் வைத்தேன்.
முப்பத்தைந்து.
விரற்கடை அளவு பல்பை இறக்கினேன். முப்பத்தெட்டு.
நாற்பதில் நிறுத்தினேன்.

பக்கத்தில் நீளமாய் இன்னொரு விளக்கு,
வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத பங்கைத் தருவது.
அது கிடைக்காவிட்டால் எலும்பு வளைந்துவிடும் என்றார் விற்றவர்.
பனிமூட்டத்தில் வளர்ந்த என் முழங்காலை
ஒருதரம் தடவிக்கொண்டேன்.

ஏறி உட்கார மரம்:
ஏழாம் நம்பர் மலையில் பிடுங்கிப் போட்ட தேயிலைத் தூர்.
கொதிதண்ணீர் ஊற்றி, தேய்த்து,
மூன்று நாள் அடுப்படியில் காயவைத்தேன்.
கவாத்துக் கத்தி பட்ட இடமெல்லாம் முடிச்சு.
ஆயுசுக்கும் இடுப்புக்கு மேல் வளர விடாத மரம்,
கண்ணாடிக்குள் நிறுத்தியதும்
உயரமாய்த் தெரிந்தது.

மணல் ஆகாது, குடலை அடைக்கும். பழைய பேப்பர் போதும்.
மலையில் பிடித்த பூச்சியும் ஆகாது,
மருந்தடித்த புல்லைத் தின்றிருக்கும்.
பால்மா டின்னில் சுவர்க்கோழி வளர்த்தேன்.
இராத்திரி முழுக்க அவை கத்த,
பக்கத்துக் காம்பராவிலிருந்து சுவரைத் தட்டினாள் பாக்கியமேரி:
"வேலியில போன ஓணான
எடுத்து மடியில விட்ட கதையால்ல இருக்கு!"
வேலியில் போகவில்லை அக்கா.
பஸ்ஸில் வந்தது, சாப்பாட்டுப் பெட்டிக்குள்,
அரை டிக்கட்கூட எடுக்காமல்.

உள்ளே விட்டதும்
தூரின் உச்சிக்கு ஏறி, தாடியை உப்பிக்கொண்டு
லயத்தையே மேற்பார்வை பார்த்தது.
துரை என்று பெயர் வைத்தேன்.
வேறெதுவும் பொருந்தவில்லை.

நாலாம் நாள் இரவு
மழையோடு கரண்ட் போனது.
டோர்ச் அடித்துப் பார்த்தேன்: பதினேழு.
போத்தலில் சுடுதண்ணீர், மேலே கம்பளி.
பதினாறு.
பெக்டரிக்கு ஜெனரேட்டர் உண்டு,
தேயிலைக்குக் குளிராது.
துரை கரிக்கட்டையாய்க் கறுத்திருந்தது.
எடுத்து, சாரத்தை மடித்து,
மடியில் விட்டேன்.
நல்லவேளை, பாக்கியமேரி தூங்கிவிட்டாள்.

வெகுநேரம் கழித்து அசைந்தது.
முன்னங்கை ஒன்றை மெல்லத் தூக்கி
காற்றில் ஒரு வட்டம் சுற்றி இறக்கியது.
கேட்டிருக்கிறேன் அதற்கு அர்த்தம்:
நான் சின்னவன், விட்டுவிடு.

ஜீப் வரும்போது
பாதையோரம் கானுக்குள் ஒதுங்கி
நானும் இப்படித்தான்
ஒரு கையைத் தூக்குவேன்.

கையை இறக்கு, துரை.
இந்தக் காம்பராவில் பெரியவர் யாருமில்லை.

விடியப்புறம் கரண்ட் வந்தது.
அலமாரிக்குள்ளே வெயில்
ஆளில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.
எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது.
பெக்டரிச் சங்கு ஊதியது.
ஊதட்டும்.